பயிலரங்கா, வகுப்பறைத் துணையா, வாட்ஸ்அப்பா?

குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் முறைகளில் ஆசிரியர்களைப் பழக்குவதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. எல்லாரையும் ஓரிடத்துக்கு வரவழைத்து நடத்தும் பயிலரங்கு ஒன்று. பயிற்றுநர் வகுப்புக்கே வந்து கூட உட்காருவது இன்னொன்று. டேப்லெட்டில் காணொளி, தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வழிகாட்டல் என்பது மூன்றாவது. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

'கொடி' என்ற சொல்லை இரண்டு குழந்தைகள் தப்பாக வாசிக்கிறார்கள். ஒரு குழந்தை பக்கத்துப் படத்தைப் பார்த்து 'செடி' என்கிறது. இன்னொன்று 'காடி' என்கிறது. முதல் குழந்தை எழுத்தையே பார்க்கவில்லை. படத்தை மூடிவிட்டு எழுத்துக்கூட்டச் சொல்ல வேண்டும். இரண்டாவது குழந்தை எழுத்தையும் பார்த்தது, துணைக்காலையும் பார்த்தது, முன்னால் நிற்கும் கொம்பை மட்டும் விட்டுவிட்டது. அதற்கு கெ, கா, கொ மூன்றையும் அடுத்தடுத்து எழுதிக் காட்ட வேண்டும். ஆனால் வகுப்பு நிறைந்திருக்கும்போது ஆசிரியர் இருவரிடமும் "கொடின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில்தான் அந்த இரண்டு தப்புகளும் வேறு வேறாக விழும்.

பயிலரங்கில் இது நடக்காது, அங்கே குழந்தைகளே இல்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு, சரளம், சொல்வளம், பொருள் புரிதல் என்று அடிப்படையை ஒரே மூச்சில் எல்லாருக்கும் சொல்லிவிட அது நல்ல இடம். செலவும் குறைவு. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015, 2016 ஆண்டுகளில் இந்த இரண்டையும் நேருக்கு நேர் சோதித்தார்கள். தாய்மொழியான செட்ஸ்வானா வாசிப்புதான் பாடம். 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு, வேறு 50 பள்ளிகளுக்குப் பயிற்றுநர் வருகை. பாடக் குறிப்புகளும் வாசிப்புப் புத்தகங்களும் இரு தரப்புக்கும் ஒன்றே. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், பயிற்றுநர் போன பள்ளிகளில் பயிற்சியால் குழந்தைகளுக்குக் கிடைத்த வாசிப்பு முன்னேற்றம் பயிலரங்குப் பள்ளிகளில் கிடைத்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே ஆசிரியர்கள் குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே வாசிக்கக் கேட்டார்கள். செலவு கூடத்தான். ஆனால் செலவழித்த பணத்துக்குக் கிடைத்த பலனும் அங்கேதான் அதிகம்.

சரி, பயிற்றுநரை அலையவிடாமல் தொலைவிலிருந்தே வழிகாட்டினால்? அதே நாட்டின் ம்புமலாங்கா மாகாணத்தில் 2017 முதல் 2019 வரை, இரண்டாம் மொழியான ஆங்கிலத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் நேரில் வந்த பயிற்றுநருக்கு இணையாகவே இருந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் கதை மாறியது. தொலைவழியில் பேச்சு ஓரளவு மேம்பட்டது, வாசிப்பு மேம்படவில்லை. நேர்வழியில் இரண்டும் மேம்பட்டன. எனக்கு இதில் வியப்பில்லை. கொம்பை விட்டுவிட்டு வாசித்த குழந்தையின் குரல் தொலைபேசியில் வராது.

பயிற்றுநர் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. வருபவர் கையில் மதிப்பெண் தாளோடு வந்தால் ஆசிரியர் அன்றைக்கு மட்டும் நன்றாக வாசிக்கும் குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைப்பார். பார்க்க வேண்டிய குழந்தை பின்னால் போய்விடும். அதனால் முதல் வருகையில் பயிற்றுநரே பாடம் எடுக்கட்டும், ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கட்டும். அப்புறம் இடம் மாறிக்கொள்ளலாம்.