விடியற்கால மௌனமா, ஆராதனை மணியா, செபமாலைக்குப் பின் ஒன்பது நிமிடமா?

மூன்று பிள்ளைகள் வளரும் வீட்டில், இறைவன் திருமுன் ஒன்றும் பேசாமல் சும்மா இருப்பதற்கு ஒரு நேரம் தேடி, நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளில் மூன்று வழிகளை முயன்று பார்த்துவிட்டோம். இப்போது மூன்றாவதில் நிலைத்திருக்கிறோம். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

முதலில் எந்தச் செபத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வாய்மொழி செபம், தியானம், ஆழ்நிலை செபம் என்று மூன்றைக் குறிப்பிடுகிறது. நாங்கள் தேடியது மூன்றாவதை. வேண்டுதல் பட்டியலும் ஓய்ந்து, இறைவார்த்தையைப் பற்றிய சிந்தனையும் அடங்கியபின், அன்போடு பார்த்துக்கொண்டிருத்தல் மட்டும் எஞ்சும் நிலை அது. பிரான்சின் ஆர்ஸ் ஊரின் விவசாயி ஒருவர் நற்கருணைப் பேழைக்கு (கோவிலில் நற்கருணை அப்பம் வைக்கப்பட்டிருக்கும் பெட்டிக்கு) முன் அமர்ந்து, "நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்" என்று தம் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னியிடம் சொன்னாராமே, அந்தச் சொல்லை மறைக்கல்வி நூலும் இந்த இடத்தில்தான் எடுத்தாள்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டைவிட்டுப் போய் இருக்கும் மௌனத் தியானத்தை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அதன் பயனை மறுக்கவில்லை. ஆனால் அது குடும்ப வாழ்வுக்கு வெளியே நடப்பது.

விடியற்கால மௌனத்தில்தான் எல்லாரும் தொடங்குவார்கள், நானும் அப்படியே. 4.45 மணிக்கு எழுந்து, முன்னறையின் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெனடிக்ட் சபைத் துறவி ஜான் மெயின் (1926–1982) கற்பித்தபடி 'மாரநாதா' ('ஆண்டவரே, வாரும்' என்று பொருள்) என்ற ஒரே சொல்லை உள்ளத்தில் மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பேன். காலையும் மாலையும் 20 முதல் 30 நிமிடம் என்பது அவர் வகுத்த அளவு. எனக்குக் காலை மட்டுமே வாய்த்தது. வாய்த்த நாள்களில் அதற்கு ஈடாக இன்றுவரை எதையும் நான் கண்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருநாள் கண்ணைத் திறந்தபோது, கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு சிறு பாதங்களின் நிழல் விழுந்திருந்தது. அப்போது மூன்று வயதான என் மகன் கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை; எவ்வளவு நேரமாக அப்படி நின்றானோ தெரியாது. 'உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொண்டு' வேண்டச் சொன்ன மத்தேயு நற்செய்தியின் வரி அன்று எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், இயேசு விடியற்கருக்கலில் தனித்துப் போய் வேண்டியதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்த இரண்டு வசனங்களிலேயே சீமோனும் உடனிருந்தவர்களும் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இரண்டாவது வழி, வாரத்தில் ஒருநாள் கோவிலில் நற்கருணை ஆராதனைக்கு, அதாவது அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில் இயேசு இருக்கிறார் என்ற நம்பிக்கையோடு அதன்முன் செபிப்பதற்கு, சென்று ஒரு மணி நேரம் இருப்பது. இதை முயன்றது பெரும்பாலும் என் மனைவி. மௌனத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இதுவே முதலிடம் என்பார் அவர், நானும் மறுக்க மாட்டேன். அங்கே மௌனத்தை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. பலர் முழந்தாளிட்டுத் தேய்த்த பலகைகளுக்கு நடுவே அது ஏற்கெனவே இருக்கிறது. அந்த அப்பத்தைப் பார்வைக்கு வைக்கும் கதிர்ப்பாத்திரத்தில் கண்ணை வைத்தால் போதும், மனம் அலைந்தாலும் திரும்பிவர ஓர் இடம் இருக்கும். மணிக்கு ஒருவராக மாறி மாறி இருந்து இடைவிடா ஆராதனை நடக்கும் கோவில்களில் பெயர் கொடுத்துவிட்டால், முந்தைய மணிக்காரர் நம் வரவுக்காகக் காத்திருப்பார் என்ற எண்ணமே நம்மைப் படியேற்றிவிடும். குறை ஒன்றுதான்: கணவனும் மனைவியும் சேர்ந்து போக முடியாது. ஒருவர் மௌனத்துக்குப் போகும் மணி நேரத்தில் மற்றவர் வீட்டில் வீட்டுப்பாடத்தோடும் அடுப்போடும் மல்லுக்கட்டுகிறார்.

சூழல், நேரம், தனிமை என்று ஒவ்வொன்றாக எடைபோட்டால் முடிவு எந்தப் பக்கமும் சாயலாம். எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி. விட்டுப்போன பிறகு மீண்டும் தொடங்க எவ்வளவு ஆகிறது? குடும்ப வாழ்வில் எந்தப் பழக்கமும் ஒருநாள் அறுந்தே தீரும். காய்ச்சல் வரும், தேர்வு வரும், இரவுப் பணி வரும், முதிய பெற்றோரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும். அறுபடாத பழக்கத்தைத் தேடுவதைவிட, அறுந்த இடத்தில் எளிதில் முடிச்சுப் போடக்கூடிய பழக்கத்தைத் தேடுவதே உசிதம் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். விடியற்கால மௌனம் நான்கு நாள் விட்டுப்போனால், ஐந்தாம் நாள் எழுவதற்கு முதல்நாள் இரவே சீக்கிரம் படுக்க வேண்டும்; அதற்கு மாலை வேலைகளைச் சுருக்க வேண்டும்; ஒரு நாற்காலியில் 25 நிமிடம் உட்காருவதற்காக முழு நாளையே திருத்தி எழுத வேண்டும். அந்த நாள்களில் எழுந்து அழும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் மனைவியோடு புதிதாகப் பேச வேண்டும். உண்மையில் முதல் ஆண்டில் நான் அதைப் பேசவே இல்லை. என் மௌனத்துக்கு அவருடைய தூக்கம் விலையாகப் போய்க்கொண்டிருந்ததை அவரே சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். ஆராதனை மணியோ ஒரு வாரம் தவறினால் இடைவெளி 14 நாளாகிவிடும். இரண்டு வாரம் தவறினால், மறுமுறை போக வீட்டில் அனுமதி கேட்பதுபோன்ற ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. ஒருமுறை அப்படி விட்டுப்போன மணியை என் மனைவி மீண்டும் பிடிக்க ஏழு மாதம் ஆனது.

இந்த அளவுகோலில்தான் மூன்றாவது வழி வென்றது. குடும்ப செபமாலை எங்கள் வீட்டில் எப்படியும் இரவில் நடப்பது. சாமிப்படத்தின் முன் ஐந்து பத்துமணியும் (பத்து மணிகள் கொண்ட செபமாலைப் பகுதிகள்) மன்றாட்டுமாலையும் முடிந்ததும் முன்பெல்லாம் விளக்கைப் போட்டு எழுந்துவிடுவோம். இப்போது விளக்கைப் போடாமல் அப்படியே இருக்கிறோம். முதல் நாள் இரண்டாவது மகனிடம், "நேரமானதும் நீ ஆமென் சொல்லு" என்று சொன்னோம். அவன் நாற்பது வினாடியில் சொல்லிவிட்டான். மேசைக் கடிகாரத்தை வைத்தால் அதன் டிக்டிக் ஒலி அறை முழுவதையும் நிரப்பியது; கைபேசியை வைத்தால் கண் அதன்மேலேயே போனது. கடைசியில் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியில் கிடந்த மூன்று நிமிட மணல் கடிகாரம் கைகொடுத்தது. அதற்கு ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை. மகன் அதை ஒருமுறை கவிழ்த்துவைப்பான். மணல் இறங்கி முடிந்ததும் விரும்பும் பிள்ளைகள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓசையின்றிப் படுக்கப் போகலாம். அதன்பின் நாங்கள் இருவரும் இன்னும் இரண்டு முறை கவிழ்க்கிறோம். ஆக, ஒன்பது நிமிடம். நான்கு வயதுக் கடைக்குட்டி மூன்றாம் பத்துமணியிலேயே தூங்கிவிடுவாள் என்பதால் அவளைப் பற்றிய கவலை இல்லை.

இது செபமாலைக்குப் பின்னால் ஒட்டவைத்த புதுமை என்று முதலில் எனக்கே ஓர் உறுத்தல் இருந்தது. ஆனால் உள்நோக்கிய தியானம் இல்லாத செபமாலை உயிரற்ற உடல் போன்றது என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இலேயே எழுதியிருக்கிறார். இரண்டாம் யோவான் பவுல் செபமாலை பற்றி 2002-இல் எழுதிய மடலில், மறையுண்மையை (ஒவ்வொரு பத்துமணியிலும் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சியை) அறிவித்து இறைவார்த்தையை வாசித்தபின் சற்று மௌனமாக நின்றுவிட்டு வாய்மொழி செபத்துக்குப் போகும்படி பரிந்துரைக்கிறார். அவர் சொல்லும் இடம் பத்துமணிக்கு முன்னே. எங்களுடையது எல்லாம் முடிந்த பின்னே. முன்னே வைத்தும் பார்த்தோம். ஐந்து முறை மௌனம், ஐந்து முறை பிள்ளைகளின் சிரிப்பு என்று முடிந்ததால் கைவிட்டோம். பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் அது நன்றாகவே நடக்கக்கூடும்.

சென்ற மழைக்காலத்தில் வீட்டில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்து, பதினொரு நாள் எதுவும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பாதிச் சோர்வோடு செபமாலையைச் சொல்லி முடித்தபோது, மகன் தானாக எழுந்துபோய் மணல் கடிகாரத்தை எடுத்துவந்து வைத்தான். நாங்கள் எதையும் திட்டமிடவில்லை, யாரிடமும் நேரம் கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தின் தோளில் ஏறி நிற்பதால் அதற்கெனத் தனியாக ஒரு தொடக்கம் தேவைப்படவில்லை.

ஒன்பது நிமிடம் போதுமா என்று கேட்டால், ஆழத்துக்குப் போதாது என்பதே என் நேர்மையான பதில். புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் இல்லறத்தாரையும் உலக வாழ்வில் இருப்போரையும் மனத்தில் வைத்து எழுதிய நூலிலேயே, நாள்தோறும் ஒரு மணி நேரம், கூடுமானால் காலையில் ஒதுக்கச் சொல்கிறார். அதே நூலில், பக்தி முயற்சி அவரவர் வாழ்க்கை நிலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இல்லறத்தார் துறவிகளைப்போல் நடக்க முயல்வது பொருந்தாது என்றும் எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கையில், ஒன்பது நிமிடத்தோடு நிறைவடைந்துவிடவும் மனம் வரவில்லை, அதை விட்டுவிடவும் மனம் வரவில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் மட்டும், முன்கூட்டியே மனைவியிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பழைய நாற்காலியில் போய் உட்காருகிறேன். ஆராதனைக்கு மாதம் ஒருமுறை அவர் போகிறார்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது. பதின்ம வயதில் இது கட்டாயமாகத் தோன்றிக் கசந்துவிடுமா என்பதை இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான் சொல்ல முடியும். அந்தப் பயத்தில்தான் முதல் சுற்றுக்குப் பிறகு எழுந்துபோகும் உரிமையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டோம். கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் நம்பிக்கை உள்ள வீட்டிலோ, குடும்ப செபம் என்ற வழக்கமே இல்லாத வீட்டிலோ ஏறி நிற்கத் தோள் இல்லை என்பதால், அங்கே ஆராதனை மணியில் தொடங்குவதே எளிதாக இருக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டிலும் அப்படித்தான். எங்கள் கடைக்குட்டிக்கு இரண்டு வயது ஆகும்வரை இந்த ஒன்பது நிமிடத்தை நாங்களும் முயன்றதில்லை.