அரக்கு நிறமா, கருநீலமா: பட்டுக்கடைக்கு எந்த மூன்று அடர்நிறங்கள்?

கும்பகோணம், திருபுவனம் பக்கம் பட்டுக்கடை தொடங்குவோர், பெயர்ப்பலகை, துணிப்பை, சேலை மூன்றுக்கும் ஒரே அடர்நிறத் தொகுப்பை நாடும்போது, அரக்கு–கரி–மங்கிய பொன், கருநீலம்–பாட்டில் பச்சை–செம்பு என்ற இரண்டுக்கிடையே தயங்குகின்றனர்.

செலவு: இரண்டும் சமம், ஸ்கிரீன் அச்சில் நிறத்துக்கொன்றாக மூன்று அச்சுச்சட்டங்கள் வேண்டும்.

வெயில்: அரக்கிலுள்ள சிவப்பு பெரும்பாலும் முதலில் வெளிறும், தாலோசயனின் என்னும் செயற்கை நிறமியாலான நீலமும் பச்சையும் நெடுநாள் நிற்கும்.

தெளிவு: இரண்டிலும் முதலிரு நிறங்களும் அடர்ந்தவை, ஒன்றின்மேல் ஒன்று தெளிவாகத் தெரியாது என்பதால் எழுத்தை மூன்றாம் நிறத்திலேயே அமைக்க வேண்டும்; செம்பைவிடப் பொன் வெளிச்சமானது என்பதால் தொலைவிலிருந்து படிக்க அதுவே ஏற்றது.

நெசவு: நீளவாட்டு நூலான பாவில் நீலமும் குறுக்கு நூலான ஊடையில் பச்சையும் ஓடும்போது, மடிப்புக்கு மடிப்பு மாறும் மயில்கழுத்து நிறம் பிறக்கிறது, நம் தறிகளின் இந்த அழகுக்கு ஈடாக அரக்கும் கரியும் எதையும் தருவதில்லை என்பதே என் உறுதியான கருத்து. மேலும், முகூர்த்தத்துக்குக் கறுப்புச் சாயலைப் பல குடும்பங்கள் தவிர்ப்பதால், கரியைப் பையோடும் பலகையோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

முகூர்த்தப் பட்டையே நம்பிய கடைக்கு, சேலையில் கரியைத் தவிர்த்து, முதல் தொகுப்பும், வெயில்படும் பலகையும் இளையோர்க்கான உடைகளும் கொண்ட கடைக்கு இரண்டாவதும் பொருந்தும்.