இயலாமைக் கற்கைகள்: காசு கட்டாமல் வாசித்த நான்கு வருடம்

எனக்குப் பார்வை மிகக் குறைவு. வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடி, திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ வாசிக்கக் கேட்டுத்தான் படிக்கிறேன் (அந்த மென்பொருளும் இலவசம்). நான் வாசிப்பது இயலாமைக் கற்கைகள், அதாவது இயலாமையையும் சமூகம் அதை நடத்தும் விதத்தையும் ஆராயும் துறை. அதில் ஒரு கட்டுரை சும்மா கிடைத்தால் மட்டும் எனக்குப் போதாது, காதுக்கும் ஒழுங்காக வந்து சேர வேண்டும்.

அந்த வகையில் நான் அதிகம் திறந்தது டிசேபிலிட்டி ஸ்டடீஸ் குவாட்டர்லி என்ற அமெரிக்க இதழைத்தான். கட்டுரைகள் இணையப் பக்கமாகவே இருப்பதால் எச் விசையை அழுத்தி உபதலைப்புகளுக்குத் தாவிப் போகலாம், படம் இருந்தால் விவரிப்பும் இருக்கும்.

அப்புறம் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆவணத் தொகுப்பு. உடற்குறை வேறு, அதை வைத்துச் சமூகம் ஒருவரை ஒதுக்குவது வேறு, இயலாமை என்பது இந்த இரண்டாவதுதான் என்று பிரிட்டனில் இயலாமையுள்ளவர்களே 1976இல் வெளியிட்ட ஆவணம் அங்கேதான் கிடைத்தது. காலி வீதி நடைபாதையில் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளில் முட்டி முழங்காலைக் காயப்படுத்திக்கொண்ட வாரம் அதைக் கேட்டேன், அதுவரை என் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பிரிட்டன் எழுத்தில் நம் வாழ்க்கை முழுதாக இல்லை. யுத்தத்தில் கால் இழந்தவர்கள், வறுமை, எல்லாப் பராமரிப்பும் அம்மா தலையில் விழும் வீடுகள், இதெல்லாம் வேண்டுமென்றால் டிசேபிலிட்டி அண்ட் த குளோபல் சவுத், ஆபிரிக்கன் ஜேர்னல் ஒஃப் டிசேபிலிட்டி என்ற இரண்டு இதழ்களையும் பாருங்கள். இரண்டும் முழுக்க இலவசம்.

தேடும்போது சொல்லை மாற்றிப் பார்க்க வேண்டும். பிரிட்டன்காரர் 'டிசேபிள்ட் பீப்பிள்' என்று எழுதுவார்கள், அமெரிக்கர் பெரும்பாலும் 'பீப்பிள் வித் டிசேபிலிட்டிஸ்'. இது தெரியாமல் முதல் வருடம் பாதியைத் தவறவிட்டேன். முப்பது நாற்பது டொலர் கேட்கும் கட்டுரை என்றால் அன்பேவோல் என்ற நீட்சியை (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) பிரவுசரில் போட்டு வையுங்கள், சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டும். அதிலும் இல்லையா, எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். எனக்குப் பலர் அனுப்பியிருக்கிறார்கள், சிலர் வேர்ட் கோப்பாகவே.

தீராத தலையிடி ஸ்கேன் பண்ணிய பழைய பிடிஎஃப்கள்தான். என்விடிஏ வெற்றுப் பக்கம் என்கிறது, எழுத்தாக மாற்றினாலும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சான இரண்டு பத்திகளின் வரிகள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி வாசித்துத் தருகிறாள்.