ஸ்டாட்டிக் ஐபின்னு காசு வாங்கிட்டு சிஜிநாட் ஐபிய தலையில கட்டுறாங்க, பாத்து வாங்குங்க

வீட்டுல இருந்தே கணக்கு வேலை பாக்குறவங்க, வீட்டு கேமராவ வெளியூர்ல இருந்து பாக்கணும்னு நெனைக்கிறவங்க, யாராச்சும் ஸ்டாட்டிக் ஐபி (நம்ம நெட் கனெக்ஷனுக்கு மாறாத ஒரே நம்பர்) எடுக்குற ஐடியால இருந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க.

நான் கணக்கு எழுதுற கம்பெனியோட சர்வர், அவங்க லிஸ்ட்ல இருக்குற ஐபில இருந்து வந்தாதான் உள்ள விடும். வீட்டு ஃபைபர்ல ஐபி நிலையா இருக்காது, கரண்ட் போய் ரௌட்டர் திரும்ப ஆன் ஆனா வேற நம்பர் வந்துரும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, வீட்டு கனெக்ஷன்னா பொதுவா அப்படித்தான். அதனாலதான் எங்க ஏரியா கேபிள் ஆபீஸ்ல எதுக்குன்னு வெவரமா சொல்லி, வருஷத்துக்கு 2,000 ரூபா ப்ளஸ் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டி ஸ்டாட்டிக் ஐபி கேட்டேன். "வெளிய எங்க இருந்து பாத்தாலும் இதே நம்பர்தான் சார், மாறவே மாறாது"ன்னாங்க.

பையன் வந்து ரௌட்டர்ல 100.72ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர போட்டு, பேப்பர்லயும் எழுதி குடுத்துட்டு போனாரு. கம்பெனி சர்வர் பாக்குறவர் அத பாத்ததுமே சொல்லிட்டாரு, இது வெளிய செல்லாத ஐபிங்க, சிஜிநாட்னு.

வெவரம் இதான். பழைய ஐபி நம்பர் முறையான ஐபிவி4ல மொத்தமே கிட்டத்தட்ட 430 கோடி நம்பர்தான். நம்ம ஆசியா பசிபிக் பக்கம் 2011 ஏப்ரல்லயே கையிருப்பு கடைசி தொகுப்புக்கு வந்துருச்சு. அதனால நெறைய நெட் கம்பெனிங்க ஒரே பப்ளிக் ஐபிக்கு (வெளி உலகத்துக்கு தெரியுற நம்பர்) பின்னாடி பல வீட்ட வெக்கிறாங்க, இதுக்கு பேர்தான் சிஜிநாட், அதுக்குள்ள நம்ம ரௌட்டருக்கு குடுக்கறதுக்குன்னே 2012ல ஒதுக்குனதுதான் 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள நம்பருங்க. என் ரௌட்டர்ல அந்த 100.72 மாறாம அப்படியே இருக்கு, ஆனா சர்வர் லாக்ல பாத்தா காலைல ஒரு ஐபி சாயங்காலம் ஒரு ஐபி. காசு வாங்குனது எதுக்கோ அது மட்டும் இல்ல.

போன் பண்ணா மொதல்ல உங்க சர்வர்லதான் ப்ராப்ளம்னாங்க, அப்புறம் டிடிஎன்எஸ் போட்டுக்கோங்கன்னாங்க. டிடிஎன்எஸ் மாறுற பப்ளிக் ஐபிக்கு ஒரு பேர் குடுக்கும், அவ்வளவுதான். சிஜிநாட்டுக்கு பின்னாடி இருந்தா வெளிய இருந்து வர்ற கனெக்ஷன் நம்ம ரௌட்டர் வரைக்குமே வராது, போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து வர்றத உள்ள இருக்குற கருவிக்கு திருப்பி விடுற ரௌட்டர் செட்டிங்) என்ன போட்டாலும் வேஸ்ட். 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் 3பி ஃபைல் பண்ண வேண்டிய நேரத்துல கிளையண்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? கடைசில ரீஃபண்ட் கிடையாதுன்னு வெச்சிட்டாங்க. தெரிஞ்சே பண்றாங்கன்னுதான் நான் சொல்வேன், ஏன்னா பில்லுல "ஐபி சார்ஜ்"னு மட்டும்தான் இருக்கு, பப்ளிக்ங்கற வார்த்தையே இல்ல.

செக் பண்றது ரொம்ப சுலபம். ரௌட்டர் பேஜ்ல வான் ஐபின்னு (நெட் கம்பெனி ரௌட்டருக்கு குடுத்த நம்பர்) இருக்குறதையும், கூகுள்ல என் ஐபி என்னன்னு தேடுனா வர்றதையும் பக்கத்துல வெச்சு பாருங்க. ஐபிவி4 ரெண்டும் ஒண்ணா இருக்கணும். வான் ஐபி 10.ல ஆரம்பிச்சாலோ 192.168, 100.64 டு 100.127ன்னு இருந்தாலோ அது உங்க பப்ளிக் ஐபி இல்ல. ஒண்ணா இருந்தா ரௌட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி திரும்ப பாருங்க. "பப்ளிக் ஸ்டாட்டிக் ஐபிவி4"ன்னு பில்லுலயோ மெயில்லயோ எழுதி வாங்காம பணம் குடுக்காதீங்க.

ஏற்கனவே மாட்டுனவங்க கேபிள்காரரோட சண்டை போட்டு நேரத்த வீணாக்க வேணாம், லைசென்ஸ் வெச்சிருக்குற மேல் கம்பெனியோட கஸ்டமர் கேர்ல கம்ப்ளைண்ட் போட்டு டாக்கெட் நம்பர் வாங்குங்க, தீரலன்னா அவங்களோட அப்பலேட் அதாரிட்டிக்கு (அப்பீல கேக்குற பிரிவு) போங்க. டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தனி ஆள் கம்ப்ளைண்ட நேரா எடுக்காது. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 இருக்கு, நுகர்வோர் கோர்ட்டுக்கும் போலாம், டெலிகாம் கேஸ அங்க எடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2022லயே சொல்லிருச்சு. நான் அப்பீல் போட்டிருக்கேன், விடுறதா இல்ல.

இன்னொண்ணு, கேமரா பாக்குறதுக்கு மட்டும்னா இப்ப வர்ற டிவிஆர் (கேமரா பதிவு பண்ற பெட்டி) பெரும்பாலானதுல க்யூஆர் ஸ்கேன் பண்ணி ஆப்லயே பாக்கலாம், அது சிஜிநாட்லயும் ஓடும், அதுக்குன்னு ஸ்டாட்டிக் ஐபிய வித்தா வாங்காதீங்க.