பிராக் போகிறீர்களா? முதல் நூறு யூரோவை மாற்றுமுன் இதைப் படித்துவிடுங்கள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு, செக் குடியரசின் தலைநகரான பிராக் கைக்கெட்டும் தூரம்தான். டிரெஸ்டனில் ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம், பெர்லினிலிருந்து நாலு, நாலரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நிதானமாகச் சுற்றிப் பார்க்க அதைவிட நல்ல நகரம் பக்கத்தில் இல்லை. ஆனால் அங்கே குடும்பங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் திருடனிடம் அல்ல. விலைப்பலகை மாட்டி, ரசீது கொடுத்து நடத்தும் கடைகளில்தான். எல்லாம் எழுதியிருக்கும். எது பெரிய எழுத்தில், எது பொடி எழுத்தில் என்பதில்தான் சூது. பிறகு சண்டை போட்டால் “விலை எழுதித்தானே இருந்தது” என்பார்கள், சட்டப்படி அது சரியாகவும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் வேர் நாணயம். செக் குடியரசு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் என்ற பொது எல்லைப் பகுதியிலும் இருக்கிறது. போகும்போது எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை என்பதால் யூரோ செல்லும் என்று நினைத்து வந்து இறங்குகிறார்கள். அங்கே நாணயம் கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 24, 25 கொருனா. கைப்பையும் பெட்டியுமாக, பசியோடு இருக்கும் குழந்தையை இழுத்துக்கொண்டு நிற்கும்போது 25-ஆல் வகுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அந்தக் களைப்பை நம்பித்தான் ரயில் நிலையத்திலும் பழைய நகரச் சந்துகளிலும் பணமாற்றுக் கடைகள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

அந்தக் கடைப் பலகையை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து போய்விடும். இரண்டு வரிசை இருக்கும். ‘நாகுப்’ என்றால் கடைக்காரர் வாங்கும் விலை, ‘ப்ரொதெய்’ என்றால் அவர் விற்கும் விலை. யூரோவைக் கொடுத்து கொருனா வாங்கும் உங்களுக்குப் பொருந்துவது நாகுப் மட்டுமே. தெருவைப் பார்த்து 25 என்று பெரிதாக மின்னுவது பல இடங்களில் ப்ரொதெய் விலை. உள்ளே நாகுப் வரிசையில் 19 இருக்கும். ‘கமிஷன் 0 சதவீதம்’ என்ற வாசகம் பொய்யல்ல. விலையிலேயே எடுத்துக்கொண்ட பிறகு கமிஷன் எதற்கு? 200 யூரோ கொடுத்தால் 5,000 கொருனா வர வேண்டிய இடத்தில் 3,800 வரும். 1,200 கொருனா, அதாவது 48 யூரோ, ஒரே நிமிடத்தில் போய்விட்டது. நாலு பேரின் மதியச் சாப்பாட்டுக் காசு அது.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. 2019 ஏப்ரல் 1 முதல் அங்குள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்ட பணமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அதே கடைக்கு, அதே ரசீதோடு, வாங்கிய கொருனா முழுவதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் ரசீதைக் கசக்கிப் போடாதீர்கள், தாள்களைச் செலவழிக்கவும் ஆரம்பிக்காதீர்கள். ஏமாந்தது தெரிந்த உடனே திரும்பி நடங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் உரிமை போய்விடும். மறுத்தால் பலகையையும் ரசீதையும் போட்டோ எடுத்துக்கொண்டு, செக் தேசிய வங்கிக்குப் புகார் அனுப்புவதாகச் சொல்லுங்கள். இந்தக் கடைகளைக் கண்காணிப்பது அந்த வங்கிதான்.

தெருவில் நின்றுகொண்டு “கடையைவிட நல்ல விலை தருகிறேன்” என்று கிட்ட வருபவரிடம் மட்டும் எந்தச் சட்டமும் உதவாது. அவர் கொடுப்பது கொருனாவாகவே இருக்காது. ஹங்கேரி நாட்டுத் தாளையோ, செல்லாமல் போன பெலாரஸ் தாளையோ கையில் திணித்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிடுவார். 2,000 ஃபொரிண்ட் ஹங்கேரித் தாளில் 2,000 என்ற எண் இருக்கும், மதிப்பு ஐந்து யூரோ அளவுதான். 2,000 கொருனாத் தாள் என்றால் ஏறக்குறைய 80 யூரோ. உண்மையான செக் தாளில் ‘செஸ்கா நாரோத்னீ பாங்கா’ என்று வங்கியின் பெயர் அச்சாகியிருக்கும். 1,000 தாளில் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கியின் தாடி முகம், 2,000 தாளில் பாடகி எம்மி டெஸ்டினின் முகம். இவ்வளவு தெரிந்திருந்தாலும் தெருவில் பணம் மாற்றாதீர்கள்.

கடையே வேண்டாம், ஏடிஎம் போதும் என்பவர்களுக்குத்தான் அடுத்த பள்ளம். வங்கிக் கிளைக்கு வெளியே இருக்கும் ஏடிஎம் வேறு, நினைவுப்பொருள் கடை வாசலில் நிற்கும் தனியார் ஏடிஎம் வேறு. இந்த இரண்டாவது வகையில் கார்டைச் செருகினால் முதலில் தொகைகள் வரும்: 6,000, 10,000, 20,000. ‘வேறு தொகை’ என்பது ஒரு மூலையில் இருக்கும். 1,500 அடித்த பிறகு ஒரு திரை வரும். உங்கள் கணக்கிலிருந்து இத்தனை யூரோ அல்லது இத்தனை ரூபாய் எடுக்கப்படும் என்று ஒரு தொகையைக் காட்டி, ‘அக்செப்ட் கன்வெர்ஷன்’ என்று பெரிய பட்டன் போட்டிருக்கும். பக்கத்தில் மங்கலாக ‘டிக்ளைன் கன்வெர்ஷன்’. அதை அழுத்தினால் பணமே வராது என்று பயந்து பலர் பெரிய பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அப்படி இல்லை. ‘டிக்ளைன்’ அழுத்தினாலும் கொருனா வெளியே வரும். இயந்திரத்தின் விலையை விட்டுவிட்டு உங்கள் வங்கியின் விலையில் கணக்கிடச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். 5,000 கொருனாவுக்கு உங்கள் வங்கி 200 யூரோ எடுக்கும் நாளில், இயந்திரம் யூரோவுக்கு 22 என்று கணக்கிட்டால் 227 யூரோ போகும். ஏடிஎம் கட்டணம் இதற்கு மேல் தனி. செஸ்கா ஸ்போரிடெல்னா, கொமெர்ச்னி பாங்கா போன்ற வங்கிகளின் சுவரில் பதித்த ஏடிஎம்களைத் தேடுங்கள். அங்கேயும் இந்தக் கேள்வி வந்தால் பதில் அதேதான்.

சாப்பாட்டுக் கடையில் கார்டு இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும். யூரோவா கொருனாவா என்று திரையில் வரும்போது, சில பணியாளர்கள் உதவி செய்வது போலத் தாங்களே யூரோவை அழுத்திவிட்டு உங்களிடம் நீட்டுவார்கள். பின் எண் போடும் முன் திரையில் கொருனா இருக்கிறதா என்று பாருங்கள். யூரோ என்றிருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஊரிலிருந்து வருபவர்கள் ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொண்டு வந்தால், கொருனா செலவுக்கு நாணயம் மாற்றும் கட்டணம் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டிராம், அருங்காட்சியகம், பெரும்பாலான உணவகங்கள் எல்லாம் கார்டு வாங்குகின்றன. இரண்டு நாளுக்கு ஒரு குடும்பத்துக்கு 1,500 கொருனா ரொக்கம் இருந்தால் தாராளம். இதை மட்டும் கடைப்பிடித்தாலே மேலே சொன்ன பணமாற்றுக் கடைப் பக்கம் போக வேண்டியிருக்காது.

பழைய நகரச் சதுக்கத்தில் புகை கிளப்பிக்கொண்டு பன்றித்தொடை வாட்டும் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் அடிபடுவது அங்கேதான். பலகையில் 120 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து யூரோதானே என்று நாலு தட்டு கேட்பீர்கள். அந்த 120-க்குக் கீழே பொடியாக ‘100 கிராம்’ என்று இருக்கும். வெட்டுபவர் உங்களிடம் அளவு கேட்க மாட்டார். பெரிய துண்டாக நறுக்கித் தராசில் போடுவார், முள் 400 கிராமைக் காட்டும், அதைத் தட்டில் வைத்து சாஸும் ஊற்றிவிடுவார். ஒரு தட்டு 480 கொருனா, நாலு தட்டு 1,920. ஏறக்குறைய 77 யூரோ. வெட்டிய பிறகு வேண்டாம் என்றால் குரல் உயரும், பின்னால் வரிசை நிற்கும், சங்கடப்பட்டுக் கொடுத்துவிடுவோம். பக்கத்துத் தட்டில் இருக்கும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸ் கலந்த ஹாலுஷ்கியும் (மாவு உருண்டை) கூட எடைக்குத்தான். வாங்கியே தீர வேண்டும் என்றால் கத்தி இறங்குவதற்கு முன் “ஸ்தோ கிரமூ” (நூறு கிராம்) என்று விரலை நீட்டிச் சொல்லி, தராசைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ள வீடுகள் இன்னும் சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ‘ஷுங்கா’, ‘வெப்ரோவே’ இரண்டும் பன்றி. ‘ஹொவ்யேஸி’ மாடு. குலாஷ் என்ற குழம்பும், க்ரீம் சாஸோடு வரும் ஸ்விச்கோவாவும் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். ‘குர்செத்ஸி’ கோழி. ‘பெஸ் மாஸா’ என்றால் இறைச்சி இல்லாதது. காய்கறி சூப்பிலும் இறைச்சி வேகவைத்த நீர் சேரக்கூடும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தெருவெங்கும் ‘பழங்காலச் செக் இனிப்பு’ என்று விற்கும் ட்ரெடல்னிக் பிராகின் பழைய பண்டமல்ல. அது ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்ஸா ஊர்ப் பண்டம் என்று 2007-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகியிருக்கிறது. குழந்தைகள் கேட்டால் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பாரம்பரியம் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் பில்லில் ஒளிந்திருப்பவை மூன்று. மேசையில் வைத்த ரொட்டிக் கூடை அல்லது ப்ரெட்ஸல், ஆள் கணக்கில் ‘கூவெர்ட்’ என்ற இருக்கைக் கட்டணம், கேட்காமலே கொண்டுவந்த வரவேற்பு பானம். வேண்டாதவற்றைத் தொடாமல் உடனே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தை ஒரு கடி கடித்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. ‘ஒப்ஸ்லூஹா’ என்ற வரி பில்லில் இருந்தால் சேவைக் கட்டணத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், டிப்ஸ் தனியாக வைக்கத் தேவையில்லை.

போக்குவரத்தில் அபராதம் கட்டுபவர்கள் டிக்கெட் எடுக்காதவர்கள் மட்டுமல்ல, எடுத்தும் முத்திரை குத்தாதவர்களும்தான். மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. எஸ்கலேட்டருக்கு முன் மஞ்சள் பெட்டி இருக்கும், காகித டிக்கெட்டை அம்புக்குறிப் பக்கமாக அதில் செருகினால் நாளும் நேரமும் அச்சாகும். அதைத் தாண்டி நடந்துவிட்டால் சாதாரண உடையில் நிற்கும் பரிசோதகர் பிடித்துக்கொள்வார், சுற்றுலாப் பயணி என்ற சலுகை இல்லை. 24 மணி நேர டிக்கெட்டையும் முதல் முறை மட்டும் குத்த வேண்டும், ஒவ்வொரு வண்டியிலும் குத்தினால் டிக்கெட் கெட்டுப்போகும். டிராமுக்குள் இருக்கும் கார்டு இயந்திரத்தில் வாங்கும் டிக்கெட்டில் நேரம் ஏற்கெனவே இருக்கும், அதற்கு முத்திரை வேண்டாம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 65 வயதைத் தாண்டிய பெரியவர்களுக்கும் இலவசம். ஆனால் வயதைக் காட்டும் பாஸ்போர்ட் கையில் வேண்டும். அது இருந்தால் 65-ஐத் தாண்டிய வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

விமானத்தில் வருபவர்கள் டாக்ஸி வரிசைக்கு ஓட வேண்டியதில்லை. 59-ஆம் எண் டிராலிபஸ் நாட்ராஜி வெலெஸ்லாவின் மெட்ரோ நிலையத்துக்குக் கொண்டுவிடும், அங்கிருந்து பச்சை நிற ‘ஏ’ மெட்ரோ வழித்தடத்தில் நேராகப் பழைய நகரம். இரண்டுக்கும் ஒரே 90 நிமிட டிக்கெட் போதும். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் மட்டும் அந்த டிக்கெட் செல்லாது. நகருக்குள் டாக்ஸி வேண்டுமென்றால் செயலியில் அழைத்து விலையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள், சதுக்கத்தின் ஓரத்தில் காத்திருக்கும் வண்டியில் ஏறாதீர்கள்.

கோட்டை வாசலில் “வரிசை இல்லாமல் உள்ளே போகலாம்” என்று டிக்கெட் விற்பவர்களிடமும் நிதானம் தேவை. பிராக் கோட்டையின் முற்றங்களுக்குள் போக டிக்கெட்டே கிடையாது. பாதுகாப்புச் சோதனை நடக்கும் நாளில் அந்த வரிசையை எந்த டிக்கெட்டும் தவிர்க்காது. செயின்ட் வீட்டஸ் தேவாலயத்தின் உட்புறம், பழைய அரண்மனை, தங்கச் சந்து போன்றவற்றுக்குத்தான் டிக்கெட். அதை உள்ளேயிருக்கும் அலுவலகத்தில் வாங்கினால் இரண்டு நாள் செல்லும், குடும்ப டிக்கெட்டும் உண்டு. ஞாயிறு காலை தேவாலயத்தில் வழிபாடு என்பதால் மதியம் 12 மணிக்குப் பிறகுதான் சுற்றிப் பார்க்க விடுவார்கள். இதைச் சொல்லாமல் ஞாயிறு காலை 9 மணிச் சுற்றுலாவை விற்கிறார்கள், கவனம். 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரம் மணி அடிக்கும்போது எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பாக்கெட்டில் கை விடுபவர்களுக்கு அதுதான் நேரம். குழந்தை வண்டியின் பின்னால் பையைத் தொங்கவிடாதீர்கள்.

அபார்ட்மென்டில் தங்கினால் நகராட்சிக் கட்டணம் என்று கையில் காசு கேட்பார்கள். 2022 முதல் பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா, 18 வயதுக்குக் கீழே இல்லை. இரண்டு பெரியவர், இரண்டு இரவு என்றால் 200 கொருனா. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். காரில் வருபவர்கள் நெடுஞ்சாலை வரியை ‘எதால்னிட்ஸே’ (edalnice.cz) என்ற அரசுத் தளத்தில் மட்டும் கட்டுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் சேவைக் கட்டணம் சேர்த்து விற்கின்றன. ஊருக்குள் நீலக் கோடு போட்ட இடங்கள் குடியிருப்போருக்கானவை. நகர ஓர மெட்ரோ நிலையங்களில் உள்ள பி பிளஸ் ஆர் (காரை விட்டுவிட்டு மெட்ரோவில் போகும்) நிறுத்தத்தில் காரை விட்டுவிடுவதே நிம்மதி.

ஞாயிறு மாலை ரயிலுக்கு முன் மீதிக் கொருனாவை யூரோவாக்க அதே பணமாற்றுக் கடைக்குப் போகாதீர்கள். இப்போது உங்களுக்குப் பொருந்துவது ப்ரொதெய் வரிசை, வந்த அன்று ஒரு முறை இழந்தது போதும். நாணயங்களைப் பெரும்பாலும் வாங்கவே மாட்டார்கள். நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டில் வழிக்குத் தண்ணீரும் பழமும் வாங்கும்போது, கையில் இருக்கும் சில்லறை முழுவதையும் கொடுத்துவிட்டு மீதியைக் கார்டில் கட்டுங்கள்.