வீல் நட்டுக் கழற்ற எந்த கன்? முதலில் பற்றரியைப் பாருங்கோ

மாங்குளத்தில் சின்ன கராஜ் வைத்திருக்கிறேன். வேலையில் பாதி கராஜுக்குள், மற்றப் பாதி வெளியில். ஒட்டுசுட்டான் றோட்டில் நின்றுபோன பட்டா சின்ன லொறி, முத்தையன்கட்டு வயலுக்குள் நெல் ஏற்றியபடி ரயர் போன ரக்ரர் பெட்டி என்று அழைப்பு வரும். வீல் நட்டுக் கழற்ற இம்பக்ட் கன் (நட்டை அடித்தடித்துச் சுற்றுகிற மெசின்) வாங்க நினைத்தபோது மூன்று வழி இருந்தது: கராஜில் இருந்த கொம்பிரசருக்கு ஒரு எயார் கன், மலிவான பற்றரி கன் செற், பெயருள்ள கொம்பனியின் பற்றரி கன். நான் இரண்டாவதை வாங்கிக் காசைத் தொலைத்துவிட்டுத்தான் மூன்றாவதுக்கு வந்தேன்.

வீல் ஸ்பானரில் பைப் போட்டு ஏறி மிதிக்கிறதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த ஸ்பானரும் பைப்பும் எப்பவும் வாகனத்தில் கிடக்கட்டும்.

எயார் கன் நல்ல சாமான். பாரம் குறைவு, நாள் முழுக்க ஓடினாலும் சூடேறிப் படுக்காது. காலையில் இரண்டு துளி ஒயில் விட்டு, பின்னேரம் தாங்கியில் தேங்கிய தண்ணியைத் திறந்துவிட்டால் பல வருசம் உழைக்கும். ஏ9 வீதியோரம் ஒரே இடத்தில் ரயர் கடை நடத்துகிறவர் வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை. ஆனால் கொம்பிரசர் வயலுக்கு வராது. கரண்ட் இல்லாவிட்டால் கடையிலும் ஓடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது என் எயார் கன் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பாதி வேலை வெளியில் என்கிற எனக்கு அத்தோடு அந்த வழி முடிந்தது.

மிஞ்சினது பற்றரி கன். இதில் எல்லாரும் முதலில் கேட்கிறது "எத்தனை வோல்ட்?" மலிவு செற் பெட்டிகளில் 98, 388 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அந்தப் பற்றரியைத் திறந்து பார்த்தால் உள்ளே தொடராக இருப்பது அநேகமாக ஐந்து லித்தியம் செல் வரிசைதான். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுக்கச் சார்ஜ் ஏறினால் ஒன்று 4.2, ஐந்துக்கு 21. ஆகவே 18, 20, 21 என்று எழுதியிருப்பது எல்லாம் ஒரே பற்றரி. அந்தப் பெரிய இலக்கங்களுக்குக் காசு கொடுக்காதேங்கோ.

கேட்கவேண்டிய கேள்வி வேறு: மூன்று வருசத்துக்குப் பிறகு இதே வாய்க்குப் பொருந்துகிற பற்றரி வாங்கலாமா? கன் லேசில் பழுதாகாது, பற்றரிதான் தேயும். நான் முதலில் வாங்கின செற்றில் ஒரு வருசத்திலேயே ஒரு செல் வரிசை இறங்கிவிட்டது. மற்றச் செல்கள் நன்றாக இருந்தும் சார்ஜர் ஏற்க மறுத்தது. வாங்கின கடைக்குப் போனால் புதிதாக வந்த செற்றின் பற்றரிக்கு வாயே வேறு. அந்த கன் இன்றைக்கும் சுகமாகத் தட்டில் இருக்கிறது, போடப் பற்றரி இல்லை.

அதற்குப் பிறகு மக்கீற்றா என்கிற யப்பான் கொம்பனியின் 18 வோல்ட் வகைக்குப் போனேன். அந்த வகை 2005இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. கிரைண்டருக்கும் ட்ரில்லுக்கும் அதே பற்றரி போகும். பெயருள்ள வேறு கொம்பனி என்றாலும் சரி, உங்கள் ஊருக்குக் கிட்ட அதன் பற்றரி கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கோ. போலிப் பற்றரியும் தாராளமாக ஓடுகிறது. 5 அம்பியர் மணி பற்றரியில் வழமையாகப் பத்துச் செல் இருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிராம். கையில் தூக்கினால் அரைக்கிலோகூட வராத 5 அம்பியர் மணி பற்றரியை அப்படியே திருப்பிக் கொடுங்கோ.

எங்கள் வெயிலில் பற்றரிக்கு முதல் எதிரி சூடு. 40 பாகைக்கு மேல் சார்ஜ் போடக்கூடாது. கதவு பூட்டி வெயிலில் விட்ட வானுக்குள் அந்தச் சூடு சுளையாக ஏறும். வேலை முடிந்த கையோடு சார்ஜரில் குத்தாமல் நிழலில் ஆறவிட்டுப் போடுங்கோ.

பலத்தைப் பார்க்கும்போது இறுக்கும் அளவும் கழற்றும் அளவும் வேறு வேறு என்று தெரிந்திருக்கவேண்டும். என்னிடம் இருப்பது மக்கீற்றாவின் டிடிடபிள்யூ 300. முறுக்கும் பலத்தை நியூற்றன் மீற்றரில் சொல்வார்கள்: இறுக்க 330, கழற்ற 580. ஹையேஸ், பட்டா, ரக்ரரின் முன் சில்லு எல்லாம் கழற்றுகிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் தொடங்கினது. அதனால் இங்கே ஓடுகிறதில் அநேகம் பழசு, நட்டுகள் துருவேறிக் கிடக்கின்றன. அப்படியானதற்குத் துரு நீக்கும் ஒயில் அடித்துக் காத்திருந்து, முதல் அசைவைப் பைப் போட்டு எடுத்துவிட்டுத்தான் கன் பிடிக்கிறேன்.

பூட்டுவதில்தான் ஆபத்துக் கூட. ஒரு கமக்கார அண்ணை பக்கத்தில் நின்று, "தம்பி, நல்லா இறுக்கிவிடு, வழியில கழண்டிடக் கூடாது" என்றார். "கூட இறுக்கினாத்தான் அண்ணை போல்ட் இழுபட்டு முறியும்" என்றேன். அதைப் படித்தது என் கையால்தான்: மரை ஏறாமல் கோணலாகப் பிடித்த நட்டைக் கன்னால் அடித்து ஒரு வானின் போல்ட்டை முறித்திருக்கிறேன். இப்போது நட்டை விரலால் மூன்று நாலு சுற்று ஏற்றி, கன்னை மெதுவான நிலையில் வைத்துப் படியும் வரைதான் ஓட்டுவேன். கடைசி இறுக்கம் சில்லு நிலத்தில் நிற்கும்போது, எதிரெதிர் ஒழுங்கில், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்சால். பல டொயோட்டாக் கார்களுக்கு 103 நியூற்றன் மீற்றர், மற்றவற்றுக்குப் புத்தகத்தைப் பாருங்கோ. ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடினபிறகு ஒருக்கால் திரும்பப் பிடித்துப் பார்க்கவேண்டும்.

கைச்சாவிக்கு வருகிற பளபள சொக்கெட்டைக் கன்னில் மாட்டக்கூடாது, வெடித்துச் சிதறும். இம்பக்ட்டுக்கென்று செய்த கறுத்த, தடித்த சொக்கெட் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. சொக்கெட் மாற்றும்போது பற்றரியைக் கழற்றிவிடுங்கோ. கன் கையில் இருக்கிற சுகத்தில் வண்டியைத் தூக்கினபிறகு நட்டைத் தளர்த்த மனம் சொல்லும். முதல் தளர்த்தல் சில்லு நிலத்தில் இருக்கும்போதே நடக்கட்டும். வயல் மண்ணில் ஜக் புதையும். அதற்கு அடியில் வைக்க ஒரு பாலைப் பலகைத் துண்டு எப்பவும் கொண்டு திரிகிறேன், மற்றச் சில்லுக்கு அணை, அச்சுக்கு ஸ்ராண்ட்.

லொறி வேறு உலகம். பழைய யப்பான் லொறிகளில் இடப்பக்கச் சில்லுக்கு இடதுமரை. போல்ட் நுனியில் ஆங்கில 'எல்' எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்காமல் கன் பிடித்தால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். பின் இரட்டைச் சில்லில் வெளி நட்டு 41 மில்லிமீற்றர், உள் நட்டின் தலை 21 மில்லிமீற்றர் சதுரம். 22 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 600 நியூற்றன் மீற்றர் அளவில் இறுக்கம் வேண்டும், என் கன்னுக்கு அது எட்டாது. முக்கால் அங்குலத் தலையுள்ள 1050 நியூற்றன் மீற்றர் பற்றரி கன் ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கி, மண் கொட்டும் ரிப்பர் லொறி ஒன்றில் பிடித்தேன். கழன்றது. இரண்டு நாள் பழக்கத்தை வைத்து வாங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ரிப்பர் வந்தால் இப்பவும் பக்கத்து ரயர் கடையின் ஒரு அங்குல எயார் கன்னுக்குத்தான் அனுப்புகிறேன்.