கையிருப்பா, கிளையா: வார்டும் சியர்ஸும்

எங்கள் சிறு கடையின் சேமிப்பை வங்கியிலேயே விட்டுவைப்பதா, இரண்டாவது கிளையில் போடுவதா என்று ஓராண்டுக்கு மேல் தயங்கிவிட்டு, கடைசியில் கிளையைத் திறந்தேன். அந்தத் தயக்கத்தின்போது நான் திரும்பத் திரும்பப் படித்தது, சிகாகோவின் இரு பெரும் வணிக நிறுவனங்களான மான்ட்கோமரி வார்டு, சியர்ஸ் ஆகியவற்றின் வரலாற்றைத்தான்.

இரண்டும் அஞ்சல்வழி விற்பனையில் வளர்ந்து, 1920-களில் கடைகள் திறந்தவை. சரக்கும் வாடிக்கையாளரும் ஏறத்தாழ ஒரே மாதிரி என்பதால் அதை விட்டுவிடலாம். இரண்டும் பிரிந்தது, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கையில் இருந்த பணத்தை என்ன செய்தன என்பதில்.

வார்டின் தலைவர் சூயல் ஏவரி விவரம் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். 1931-இல் நட்டத்தில் கிடந்த நிறுவனத்தை ஏற்றுச் சில ஆண்டுகளில் நிமிர்த்தியவர் அவர். முதல் உலகப் போருக்குப் பின் வந்த பொருளாதாரச் சரிவு மறுபடியும் வரும் என்று உறுதியாக நம்பியதால் பணத்தைப் பூட்டி வைத்தார். 1941 முதல் 1957 வரை வார்டு ஒரு புதிய கடையும் திறக்கவில்லை. பிடிவாதம் அவருக்குப் புதிதல்ல: 1944-இல் தொழிலாளர் பிணக்கில் அமெரிக்க அரசு வார்டைக் கையகப்படுத்தியபோது, வெளியேற மறுத்த அவரை இரண்டு படைவீரர்கள் உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

சியர்ஸை நடத்திய ராபர்ட் வுட், 1924 வரை வார்டில் இருந்தவர். மக்கள் காரோடு புறநகருக்குப் போகிறார்கள் என்று கண்டு, கார் நிறுத்த விரிந்த இடத்தோடு அங்கேயே கடைகளை எழுப்பினார். 1954-இல் சியர்ஸின் விற்பனை ஏறத்தாழ 300 கோடி டாலர். வார்டினுடையது 100 கோடிக்கும் கீழே.

என்னை அசைத்தது விற்பனைக் கணக்கைவிட மனைதான். 1946-இல் விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததும் விலைவாசி ஏறியது. பூட்டி வைத்த டாலர் எண்ணிக்கையில் குறையாமல், வாங்கும் வலுவில் குறைந்தது. அதைவிட, புறநகர்ச் சாலைச் சந்திப்பில் நல்ல மனையைப் போட்டியாளர் ஒருமுறை பிடித்துவிட்டால், பத்தாண்டு கழித்து இருமடங்கு கொடுத்தாலும் அதே இடம் கிடைப்பதில்லை. 1955-இல் ஏவரி விலகியபோது வார்டிடம் பணம் இருந்தது. போய்ச் சேர வேண்டிய இடங்களில் சியர்ஸ் ஏற்கெனவே அமர்ந்திருந்தது.

சரிவு உண்மையிலேயே வந்திருந்தால் ஏவரியைத்தான் தீர்க்கதரிசி என்றிருப்போம் என்பதையும், சியர்ஸே 2018-இல் திவால் பாதுகாப்பு கோரியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மேலும் என் கிளைக்கு வயது பதினொரு மாதம்தான். அதுவும் மூன்றாண்டு வாடகை ஒப்பந்தத்தில் நிற்கிறது, ஆகவே மனை பற்றிய வாதம் எனக்குப் பாதிதான் பொருந்தும்.